தங்கம் பிரிக்க எது நல்லது: பாதரசமா, சயனைடா, வெண்காரமா?

சிறு சுரங்கத்தில் கல் உடைப்பவருக்குச் சாயங்காலமே கையில் காசு வேண்டும். உலகம் முழுக்கத் திட்டு வாங்கியும் பாதரசம் ஒழியாமல் இருப்பதற்கு முதல் காரணம் அதுதான். பெருவிலும் கானாவிலும் இந்தோனேசியாவிலும் காலையில் அரைத்த தாது பொழுது சாய்வதற்குள் விலைக்குப் போய்விடும். இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காத மாற்று வழி எதுவும் அங்கே எடுபடாது.

செய்முறையைப் பார்ப்போம். அரைத்த தாதுவை நீரில் அலசி, கனமான கருமணலைத் தட்டில் ஒதுக்கி, கொஞ்சம் பாதரசம் விட்டுக் கையாலேயே பிசைவார்கள். தங்கத் துகள் பாதரசத்தோடு சேர்ந்துகொள்ளும், மணல் சேராது. துணியில் வைத்துப் பிழிந்தால் மிஞ்சிய பாதரசம் சொட்டுச் சொட்டாக வடியும். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு கெட்டி உருண்டை நிற்கும். எடையில் ஏறக்குறையப் பாதி தங்கம், பாதி பாதரசம். பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்பதால், தீயில் வாட்டினால் ஆவியாகிப் போய்விடும். துளைதுளையாக மங்கிய மஞ்சளில் தங்கம் மிஞ்சும். ஆவிக்கு வாசனை கிடையாது. வீட்டு அடுப்பிலேயே வாட்டுகிறவர்களும் உண்டு. அப்போது குடும்பமே அதைச் சுவாசிக்கிறது.

இதைவிட மோசம், அலசாமல் மொத்தத் தாதுவோடும் பாதரசத்தைக் கொட்டி உருளை ஆலையில் அரைப்பது. பாதரசம் பொடிமணிகளாகச் சிதறி, பிடித்த தங்கத்தையும் இழுத்துக்கொண்டு கழிவோடு ஓடிவிடும். பல இடங்களில் தாதுவில் இருக்கும் தங்கத்தில் பாதிகூடத் தேறாது. ஓடிய பாதரசம் ஆற்றுச் சேற்றில் நுண்ணுயிரிகளால் மெத்தில் பாதரசமாக மாறி மீனுக்குள் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட நோய்க்குக் காரணமும் மெத்தில் பாதரசம்தான். அங்கே அது வந்தது ரசாயனத் தொழிற்சாலையிலிருந்து.

சரி, சயனைடு? விளைச்சலில் பாதரசம் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஏற்ற தாது என்றால் 90 சதவீதத்துக்கு மேல் தங்கம் வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தங்கத்தையும் கரைத்து எடுக்கும். ஸ்காட்லாந்தில் 1887இல் காப்புரிமை பெற்ற முறை இது. தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயலில் இரண்டும் கைகோத்தே ஓடின. இடித்த தாதுக் கூழைப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகள்மேல் ஓடவிட்டு, அதில் சிக்காத நுண்தங்கத்தைச் சயனைடில் கரைத்தார்கள். சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அந்தக் கழிவு மேடுகள் இன்னும் ஊரை ஒட்டி நிற்கின்றன.

ஆனால் சயனைடுக்குத் தொட்டி வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும், கரைசலின் காரத்தன்மையைச் சுண்ணாம்பு சேர்த்துக் காக்க வேண்டும். அது குறைந்தால் உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். ருமேனியாவின் பாயா மாரே நகருக்கு அருகே 2000 ஜனவரியில் தங்க ஆலையொன்றின் கழிவு அணை உடைந்து, ஹங்கேரியின் திசா ஆறு வரை மீன்கள் செத்து மிதந்தன. ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும்: சயனைடு வெயிலிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்துவிடும். பாதரசம் ஒரு தனிமம், அது எங்கேயும் போகாது.

இரண்டில் எது கேடு என்று வாதாடுகிறவர்கள் இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விட்டுவிடுகிறார்கள். பாதரசம் கலந்த கழிவை மலிவாக வாங்கிச் சயனைடில் போடுவது பல நாடுகளில் நடக்கிறது. சயனைடு பாதரசத்தையும் கரைத்து நீரோடு வெகுதூரம் கொண்டுபோகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் நாடுகள் கையெழுத்திட்ட மினமாட்டா உடன்படிக்கை, சிறு தங்கச் சுரங்கங்களில் ஒழிக்கச் சொன்ன நான்கு செயல்களில் இதுவும் ஒன்று.

என் ஓட்டு வெண்காரத்துக்கு. நம்மூர் நகை செய்யும் பத்தர்கள் பொடி வைத்து ஊதும் அதே வெண்காரம்தான் (போராக்ஸ்). பிலிப்பைன்ஸின் பெங்குயெட் மலைப்பகுதிச் சுரங்கக்காரர்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் செய்கிறார்கள். பாதரசம் கலக்காமல், அலசி ஒதுக்கிய கருமணலில் வெண்காரம் கலந்து கரி நெருப்பில் உருக்குவார்கள். மணலும் இரும்புத் துருவும் கசடாக உருகி மேலே நிற்க, தங்கம் அடியில் மணியாகத் திரளும். வெண்காரம் தங்கத்தின் உருகுநிலையைக் குறைக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் அது இளக்குவது கூட இருக்கும் கழிவைத்தான். பாதரசத்தைவிட மலிவு, அன்றைக்கே தங்கம் கையில்.

ஒரே நிபந்தனை, அலசல் சுத்தமாக இருக்க வேண்டும். கருமணல் மூட்டைக்கணக்கில் மிஞ்சினாலோ கந்தகத் தாது அதிகமிருந்தாலோ உருக்கிக் கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட தாதுவைக் கண்காணிப்புள்ள சயனைடு ஆலைக்கு விற்பதுதான் லாபம்.

பாதரசத்தை விடவே மாட்டேன் என்பவருக்கும் ஒரு வழி உண்டு. மூடிய வாலைக் கலத்தில் வாட்டினால் ஆவியைக் குளிரவைத்துப் பெரும்பகுதிப் பாதரசத்தைத் திரும்பப் பிடிக்கலாம், காசும் மிச்சம். ஆனால் இரும்புக் கலத்துக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியாததால், எங்கே திருட்டுப் போய்விடுமோ என்று பலர் அதை நம்புவதில்லை. அதற்காகவே கண்ணாடிக் கிண்ணம் கவிழ்த்த கலங்களும் செய்து பார்த்தார்கள்.