மாடல் ரயில்: எச்.ஓ. ஸ்கேலா, 'என்' ஸ்கேலா?

வார இறுதியில் ஒரு லேஅவுட் (தண்டவாளமும் காட்சியமைப்பும் சேர்ந்த மாடல் ரயில் அமைப்பு) கட்டலாம் என்று உட்காருபவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

அளவு: இரண்டுமே மாடலின் அளவு விகிதத்தைக் குறிக்கும் பெயர்கள். எச்.ஓ. 1:87, அதாவது நிஜ ரயிலில் 87-ல் ஒரு பங்கு; தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. 'என்' 1:160, இடைவெளி 9 மி.மீ. நிஜத்தில் 23 மீட்டர் நீளமுள்ள பெட்டி எச்.ஓ.வில் 26 செ.மீ. வரும், 'என்' ஸ்கேலில் 14 செ.மீ.தான்.

இடம்: எச்.ஓ.வில் ஒரு சுற்றுப்பாதைக்கே 8க்கு 4 அடி பிளைவுட் கேட்கும். அதிலும் 18 அங்குல ஆரத்தில் வளைத்தால் நீளமான பெட்டிகள் துருத்திக்கொண்டு போகும். 'என்' ஒரு கதவுப் பலகையில் அடங்கிவிடும்.

செலவு: சின்னது என்பதால் 'என்' மலிவு என்று நினைக்க வேண்டாம். இஞ்சின் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அப்புறம், இடம் மிச்சம் என்று கூடுதல் தண்டவாளம் வாங்குவீர்கள்!

கைவேலை: இங்கே எச்.ஓ. ஜெயிக்கிறது. டிகோடர் (டிஜிட்டல் கட்டளையை வாங்கி இஞ்சினை இயக்கும் சின்ன சர்க்யூட்), ஸ்பீக்கர் வைக்க இஞ்சினுக்குள்ளே இடம் உண்டு. பெட்டிகளை இணைக்கும் கப்ளரை மாற்றும்போது ஸ்பிரிங் கண்ணுக்காவது தெரியும். 'என்' கப்ளரில் அது தெறித்தால் போனது போனதுதான், தேடாதீர்கள். 'என்' இஞ்சின் எடை குறைவு. தண்டவாளத்தில் லேசான அழுக்கு இருந்தாலும் கிளைப்பாதை பிரியும் இடத்தில் நின்றுவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் அடிக்கடி துடைக்க வேண்டும்.

சரி, எதை எடுப்பது? யார்டில் பெட்டிகளைக் கோத்துக் கழற்றி ஷண்டிங் செய்வதுதான் பிடிக்கும் என்றால் எச்.ஓ.; அதற்கு ஓர் அலமாரித் தட்டே போதும். மலை, பாலம், நீண்ட ரயில் என்று ஆசை பெரிது, இடம் சிறிது என்றால் 'என்'. சின்னப் பிள்ளைகளும் கை வைப்பார்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், எச்.ஓ.தான்.