கள்ளிதானே என்று நம்பினால் வெந்துவிடும்: டிராகன் பழச் செடியும் நம் ஊர்க் கோடையும்

"கள்ளி வகைதானே, எவ்வளவு வெயில் அடித்தாலும் தாங்கும்தானே?" மாடியில் டிராகன் பழச் செடி வைக்க நினைக்கும் வேலூர் நண்பர் ஒருவரின் கேள்வி. தாங்காது. நாற்று விற்கும் இடத்தில் காதில் விழும் முதல் வார்த்தையே 'கள்ளிதானே, தாங்கும்' என்பதுதான். இந்தச் செடியால் வருகிற எரிச்சலில் முக்கால்வாசி அதை நம்பியதால் வருவது.

கள்ளிக் குடும்பம் என்பது சரி. ஆனால் பாலைவனத்துக் கள்ளி இல்லை. மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் காடுகளில் மரத்தைப் பற்றி ஏறி, இலைகளுக்கு நடுவே வடிந்து வரும் வெயிலில் வளர்ந்த கொடி. 20 முதல் 30 டிகிரி வரை சுகமாக இருக்கும். 38-ஐத் தாண்டினால் துளிர் விடுவதை நிறுத்திவிடும். 40-க்கு மேல் நாலு நாள் சேர்ந்தாற்போல் அடித்தால் தண்டு வேகும்.

ராத்திரிச் சூடும் கணக்கில் வரும். பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து மூச்சு வாங்கும். இது பகலில் மூடிவைத்து இரவில் திறக்கும். இரவு குளிர்ந்தால்தான் அந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஓசூர்ப் பக்கம் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், கோடையிலும் இரவு இதமாக இருக்கும். அங்கே இது தானாக வளர்கிற செடி. சென்னையில் மே மாதம் நள்ளிரவிலும் 28 டிகிரி. வேலூரில் பகலும் சுடும், மாடித் தளமோ பகலில் வாங்கிய சூட்டை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும்.

வெந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? கொடி ஏறும் கம்பத்தின் உச்சியில் கட்டிய டயரின் மேல் தண்டு வளைந்து தொங்கும் இடத்தைப் பாருங்கள். வானத்தைப் பார்த்திருக்கும் அந்த வளைவுதான் முதலில் மஞ்சளாகும். அடுத்தது தென்மேற்குப் பார்த்த முகம். தண்டின் மூன்று முகத்தில் ஒன்று மட்டும் மஞ்சள் என்றால் வெயில். மூன்றுமே மஞ்சள் என்றால் வேரில் கோளாறு, பெரும்பாலும் தண்ணீர் தேங்கியிருக்கும். நகத்தால் அழுத்தும்போது காய்ந்து தக்கை மாதிரி இருந்தால் வெறும் தழும்பு, விட்டுவிடலாம். கொழகொழவென்று அமுங்கி நாற்றம் அடித்தால் அழுகல். சதையை மட்டும் சுரண்டி எடுத்துவிட்டு, நடுவில் உள்ள நார்த்தண்டை வெட்டாமல் விடுங்கள். அது வழியாகவே மேல்பகுதிக்கு நீர் போய்க்கொண்டிருக்கும். சுரண்டிய இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைக் குழைத்துத் தடவ வேண்டும்.

வேலூருக்கு 50 சதவீத நிழல்வலை கட்டாயம். பிப்ரவரிக் கடைசியில் கட்டி, ஜூன் நடுவில் எடுக்க வேண்டும். 75 சதவீத வலை போட்டால் தண்டு வெளிறி, பென்சில் போல் நீண்டு, பூவே எடுக்காது. எடுக்கும் நாளிலும் கவனம் தேவை: நாலைந்து நாள் மேகமூட்டம் இருக்கும்போது எடுங்கள். பளிச்சென்ற வெயிலில் திடீரென்று உருவினால், கத்திரி வெயிலைத் தாண்டிய தண்டு ஜூனில் கருகும். வலை கட்ட வழியில்லாதவர்கள் லிட்டருக்கு 50 கிராம் கயோலின் களிமண்ணைக் கரைத்து, 1 மில்லி ஒட்டுத் திரவம் சேர்த்து, தண்டு வெள்ளை பூத்தாற்போல் தெரியும்படி அடிக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை. ஒரு கோடை மழை போதும், அத்தனையும் கழுவிக்கொண்டு போய்விடும். தோட்டத்தில் வைப்பவர்கள் மேற்குப் பக்கம் அகத்தி நட்டுவிடுவது எவ்வளவோ மேல். வலைக்காசு மிச்சம், கீரையும் கிடைக்கும்.

தண்ணீரில் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. கறுப்புச் சொட்டுநீர்க் குழாய் வெயிலில் கிடக்கும்போது மதியம் வால்வைத் திறந்தால், முதலில் வருவது வெந்நீர். இதன் வேர் மேலாகவே, அரை அடி ஆழத்துக்குள் ஓடுவது. அந்த வெந்நீர் நேராக அதன்மேல்தான் விழும். காலை 7 மணிக்கு முன்போ, குழாய் ஆறிய பிறகு இரவிலோ விடுங்கள். 50 லிட்டர் டிரம்முக்குக் கோடையில் வாரம் மூன்று முறை, தடவைக்கு 2 லிட்டர் போதும். டிரம் வெள்ளையாக இருக்கட்டும்.

இத்தனை திட்டினாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜூலையில் இது பூக்கிற மாதிரி வேறெந்த மாடிச் செடியும் பூப்பதில்லை. பகல் பொழுது 12 மணி நேரத்தைத் தாண்டினால்தான் மொட்டு கட்டும் செடி இது. வியட்நாமின் பின் துவான் பகுதியில் பருவமில்லாத மாதங்களில் இரவில் பல்பு எரித்துப் பூக்க வைப்பது இந்தக் கணக்கில்தான். நமக்கு ஏப்ரலிலேயே பகல் நீண்டுவிடும், ஆனால் சூடு விடாது. வரும் மொட்டும் பழுத்து உதிரும். முதல் மழை விழுந்ததும் வரிசையாக எடுக்கும். இருட்டியதும் விரிய ஆரம்பித்து, நள்ளிரவில் ஒரு சாண் அகலத்துக்குத் திறந்து, காலை 9 மணிக்குத் தொங்கிவிடும். அங்கிருந்து 30, 35 நாளில் பழம். சிவப்புச் சதை ரகங்களில் பல தன் மகரந்தத்தால் காய்க்காது. இரவு 10 மணிக்குத் தூரிகையோடு மாடி ஏறி, வேறு ரகத்தின் மகரந்தத்தைத் தடவ வேண்டும்.

அக்டோபரில் சென்னை, கடலூர்க்காரர்களுக்கு வேறு தலைவலி. வடகிழக்குப் பருவமழையில் கோடையில் வெந்த அதே தழும்பு வழியாகப் பூஞ்சை நுழையும்; சின்ன ஆரஞ்சுப் புள்ளியாக ஆரம்பித்துத் தண்டு முழுக்கச் சொறி பிடிக்கும். மழைக்கு முன் மூடாக்கை (அடியில் பரப்பிய சருகை) விலக்கி, 1 சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை அடிப்பது உதவும். ஆனால் மே மாதம் காப்பாற்றாத தண்டை நவம்பரில் மருந்தால் காப்பாற்ற முடியாது.

ஆக, வேலூர் மாடிக்கு என் பதில்: வேண்டாம். அந்த டிரம்மில் எலுமிச்சை வையுங்கள். அதையும் மீறி ஆசை விடாவிட்டால், மதியம் 1 மணிக்கு மேல் சுவர் நிழல் விழும் மூலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை அடி நீளமுள்ள முற்றிய துண்டை ஒரு வாரம் நிழலில் ஆறப்போட்டு, ஜூலையில் நடுங்கள். பிப்ரவரியில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் கத்திரி வந்துவிடும்.