சனிக்கிழமை அடை நின்றுபோனதும் 85 கிராம் பருப்பும்

மதுரையில், வாட்ஸ்அப்பில் லிஸ்ட் போட்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் மளிகை வீட்டு வாசலுக்கே வந்துவிடும் என்று வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள். 14 மாதம் ஏமாந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு காரணம். இன்னொன்று, பெயரைச் சொல்லிவிட்டால் "நம்ம கடை அது இல்லையே" என்று பாதிப் பேர் இந்தப் பதிவை மூடிவைத்துவிட்டுப் போய்விடுவீர்கள்.

வீட்டில் ஐந்து பேர். நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு, அத்தை. எங்கள் பக்கம் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவோம். நான் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊர்க் கணக்கையெல்லாம் பைசா பிசகாமல் பார்க்கிறவள் சொந்த அடுக்களையில் கோட்டை விட்டேன்.

அரிசி மூட்டையும் பாலும் போக, வாரத்துக்கு 3,500 ரூபாய்க்குள் சாப்பாட்டுச் செலவை முடிக்கவேண்டும் என்பது நாங்கள் போட்டுக்கொண்ட கோடு. மளிகை 1,400, மிச்சம் காய்கறி, மீன், ஞாயிற்றுக்கிழமைக் கறி. ஒரு நாற்பது பக்க நோட்டில் வாராவாரம் எழுதுவேன். காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பரில் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகத் திறந்த சந்தை அதுதான். விலை பலகையில் எழுதியிருக்கும். இருந்தாலும் ஒரு கைப்பிடி மல்லித்தழைக்கு நின்று வாதாடாமல் நான் வரமாட்டேன். அங்கே மல்லித்தழைக்குச் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, ஒட்டியிருக்கும் பருப்புப் பொட்டலத்தைக் கேள்வி கேட்காமல் டப்பாவில் கொட்டியவள் நான்.

இந்தக் கடைக்கு மாறியது விலையைப் பார்த்துத்தான். பக்கத்துத் தெருக் கடையில் துவரம் பருப்பு கிலோ 148 என்றால் இவரிடம் 140. "கம்பெனி பாக்கெட் வாங்குனா அதுல ஜிஎஸ்டி இருக்குக்கா. நாங்க மூட்டை பிரிச்சுக் கட்டித் தர்றோம், அந்தக் காசு உங்களுக்கு மிச்சம்" என்றார். கேட்க நியாயமாகவே இருந்தது. 2022 ஜூலையில் 25 கிலோ வரைக்குமான, லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புப் பைகளுக்கு 5 சதவீதம் வரி வந்தது எல்லோருக்கும் தெரியும். நம்ம ஊர் அரிசிச் சிப்பம் 25 கிலோவிலிருந்து 26 கிலோவுக்கு மாறிய ரகசியமே அதுதானே. அதனால் அவர் சொன்னதை நம்பினேன். பருப்பில் 8 ரூபாய், உளுந்தில் 6 ரூபாய் என்று நோட்டில் "மிச்சம்" என்று தனிக் கட்டம் போட்டு எழுதிக்கூட வைத்தேன். இப்போது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

அத்தை சமைப்பது கண்ணளவு இல்லை. அவரிடம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கிறது, விளிம்பு ஒரு இடத்தில் நெளிந்தது. அதில் தலைதட்டி அளந்தால் பருப்பு 150 கிராம். வாரத்தில் மூன்று நாள் சாம்பார், இரண்டு நாள் கூட்டு, ஒரு நாள் பருப்புக் கடைசல். ஆறு டம்ளர், 900 கிராம். டப்பாவில் மிஞ்சுகிற ஒரு கைப்பிடி, கடலைப்பருப்போடும் இட்லி அரிசியோடும் சேர்ந்து சனிக்கிழமை ராத்திரி அடையாகும். பல வருஷமாக இந்தச் சக்கரம் அப்படித்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

போன வருஷம் நடுவில் எப்போதோ அடை நின்றுவிட்டது. சனிக்கிழமை ராத்திரி ரவா உப்புமா வர ஆரம்பித்தது. சின்னவன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோவான். "பருப்பு இல்லம்மா" என்பார் அத்தை. நான் என்ன நினைத்தேன் என்றால், அத்தைக்கு வயசாகிறது, கை தாராளமாகிவிட்டது, அளக்காமல் அள்ளிப் போடுகிறார். ஒரு நாள் கேட்டே விட்டேன். "என்ன அத்தை, போன ஞாயித்துக்கிழமைதானே ஒரு கிலோ வந்துச்சு?" அவர் பதில் சொல்லவில்லை. மறுவாரத்திலிருந்து டம்ளரை முக்கால்தான் நிரப்பினார். சாம்பார் ரசம் மாதிரி ஓடியது. அதையும் நான்தான் குறை சொன்னேன்.

பிடிபட்டது கேக்கால். மே லீவில் பெரியவள் கேக் செய்கிறேன் என்று ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கினாள், 400 ரூபாய்க்குள்தான். கேக் சரியாக வரவில்லை, அது வேறு கதை. தராசு சும்மா கிடக்கிறதே என்று அன்றைக்கு வந்த பருப்புப் பொட்டலத்தைத் தூக்கி வைத்தாள். கவர் எடையைக் கழித்து 915 கிராம்.

தராசுதான் தப்பு என்றேன். பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டை வைத்தோம்: கவரோடு 1,004. லிட்டர் பாட்டிலைக் காலியாக வைத்து பூஜ்யமாக்கி, தண்ணீர் நிரப்பி வைத்தோம்: 1,001. தராசு ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம் அன்றைக்கு வந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வைத்தோம். ஒரு கிலோ உளுந்து 930. ஒரு கிலோ சர்க்கரை 960. மூன்று கிலோ இட்லி அரிசி 2,810. அரைக் கிலோ கடலைப்பருப்பு 455. ஒன்றுகூட, தப்பித் தவறிக்கூட, கூடுதலாக இல்லை. கை தவறிக் கட்டினால் ஒன்று குறையும், ஒன்று கூடும். எல்லாமே ஒரே பக்கம் சாய்ந்தால் அது கை தவறு இல்லை.

எண்ணெயில் வேறு வித்தை. செக்குக் கடலை எண்ணெய் "கிலோ 260" என்றுதான் வாட்ஸ்அப் பட்டியலில் இருக்கும். வருவது ஒரு லிட்டர் பாட்டில். எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம்தான். கிலோவுக்குக் காசு வாங்கிக்கொண்டு லிட்டரில் ஊற்றிக் கொடுத்தால் 90 கிராம் போச்சு, 23 ரூபாய் 40 காசு. இதை நானே கண்டுபிடித்திருக்க வேண்டும், பட்டியலில் பச்சையாக எழுதியிருந்தது.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எடைக் குறைவில் வாரத்துக்கு 38 ரூபாய் 20 காசு, எண்ணெயோடு சேர்த்து 61 ரூபாய் 60 காசு. 60 வாரம் வாங்கியிருக்கிறோம். எல்லா வாரமும் இதே அளவு என்று வைத்துக்கொண்டால் 3,696 ரூபாய், ஒரு முழு வாரச் சாப்பாட்டுக் காசு. 140 ரூபாய்க்கு 915 கிராம் என்றால் உண்மையில் கிலோ 153 ஆகிறது. 148 ரூபாய்க் கடையை விட்டுவிட்டு 153 ரூபாய்க் கடைக்குப் போய், 8 ரூபாய் மிச்சம் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன்.

அரிசி மூட்டையிலும் சந்தேகம் உண்டு. ஒரு முறை தையல் நூலின் ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று பிரியவேண்டிய மில் தையலுக்குப் பதிலாக, கோணி ஊசியால் கையில் தைத்தது மாதிரி இருந்தது. ஆனால் மூட்டையை வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஆள் எடை பார்க்கிற மெஷினில் நின்றுதான் பார்த்தோம். அதை நம்பி ஒருத்தர்மேல் பழி போடக்கூடாது என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

கடைக்காரருக்கு போன் போட்டேன்.

"பருப்பு காயக் காய எடை இறங்கும்க்கா. மூட்டையப் பிரிச்சு வச்சா அப்படித்தான்."

"சர்க்கரையும் காயுமா தம்பி?"

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. அப்புறம், "பையன் புதுசுக்கா, தராசு பாக்கத் தெரியல. அடுத்த வாரம் ஒரு கிலோ பருப்பு சும்மா அனுப்புறேன். தெரு குரூப்புல மட்டும் போட்டுறாதீங்க."

அந்த ஒரு கிலோவை வாங்கிக்கொண்டேன். பொய் சொல்வானேன். அதற்கப்புறம் மூன்று வாரம் பருப்பு 1,002, 1,005, 998 என்று வந்தது. பிரச்சினை முடிந்தது, நானும் குரூப்பில் எதுவும் போடவில்லை. அதுதான் நான் செய்த பெரிய தப்பு, இந்தப் பதிவு எழுதுவதும் அதற்காகத்தான்.

நான்காவது வாரம் எதிர்வீட்டு அக்கா வெளியூர் போயிருந்ததால் அவர்கள் சாமானையும் நாங்களே வாங்கி வைத்தோம். இரண்டு வீட்டுப் பையும் திண்ணையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பெரியவள்தான் கவனித்தாள். எங்கள் பொட்டலங்களில் மட்டும் ஸ்டிக்கர் மூலையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. பருப்பு, உளுந்து, சர்க்கரை எல்லாவற்றிலும். அக்கா வீட்டுப் பொட்டலத்தில் புள்ளி இல்லை. அவர்கள் பருப்பைத் தராசில் வைத்தோம்: 920. எங்களுடையது 1,003.

எடை பார்க்கிற வீட்டுக்குப் புள்ளி. பார்க்காத வீட்டுக்கு 80 கிராம் குறைவு. புதுப் பையன் என்ற கதையெல்லாம் அந்தப் புள்ளியோடு முடிந்துவிட்டது. சரியாகக் கட்டத் தெரிந்துதான் குறைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அன்றைக்கே குரூப்பில் போட்டேன், படத்தோடு. நாலு பேர் உடனே எடை பார்த்துவிட்டு எழுதினார்கள். இரண்டு பேர், "பத்து ரூபாய்க்கு ஒரு மனுஷன் பொழப்பக் கெடுக்கணுமா?" என்றார்கள். பத்து ரூபாய்தான், எனக்கும் தெரியும். அந்தப் பத்து ரூபாய்க்காக நான் ஒரு வருஷம் அத்தையைச் சந்தேகப்பட்டேன் என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்வது?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். எடையளவு விஷயம் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் இருக்கிறது, அங்கேயும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அங்கே இருந்தவர் கேட்ட முதல் கேள்வி, "பில்லுல எடை இருக்காம்மா?" இல்லை. 60 வாரமும் எனக்கு வந்தது வாட்ஸ்அப்பில் கையால் எழுதிய சீட்டின் படம். "து.பருப்பு 140, உளுந்து 150" என்று காசு மட்டும்தான். ஸ்டிக்கரிலும் பருப்பின் பெயரும் விலையும் தவிர ஒன்றும் கிடையாது. வாங்குகிறவர் இல்லாத நேரத்தில் முன்கூட்டியே கட்டி வைக்கிற பொட்டலம் என்றால் நிகர எடை, கட்டியவர் பெயர் முகவரி, கட்டிய மாதம், வருஷம், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை எல்லாம் அதன்மேல் இருக்கவேண்டும் என்பது விதி. எதுவும் எழுதாத பொட்டலத்தை 14 மாதம் நான் வாங்கியிருக்கிறேன். எடை எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்றுதான் எழுதாமல் விட்டார்கள் என்பது இப்போது புரிகிறது. விசாரிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி இன்னும் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

கம்பெனி பாக்கெட்டுக்கு மாறிவிட்டால் தலைவலி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பழைய 910 கிராம் லிட்டர் பாக்கெட் இருந்த அலமாரியில், அதே உயரத்தில், 850 கிராம், 800 கிராம் என்று நிற்கும். அது ஏமாற்று இல்லை, எடை அச்சிட்டிருக்கிறது. ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு என்ன விலை என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை வைத்து ஒப்பிட்டால் எது மலிவு என்று தெரிந்துவிடும்.

நாங்கள் இப்போது பருப்பு, உளுந்து, சர்க்கரையை மாதத்துக்கு ஒரு தடவை கீழமாசி வீதிக்குப் போய் வாங்குகிறோம். பஸ், ஆட்டோ என்று 100 ரூபாய் ஆகிறது, அலைச்சலும் உண்டு. மூட்டையிலிருந்து அள்ளி நம் கண்ணுக்கு முன்னால் நிறுக்கிறார்கள். பொருளை வைப்பதற்கு முன்னால் தராசில் பூஜ்யம் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். அட்டை டப்பாவையோ தட்டையோ சேர்த்து நிறுத்தால் அதைக் கழிக்கச் சொல்கிறேன். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் அரசு முத்திரை போடவேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் மாட்டியிருக்கவேண்டும். கேட்டால் முகம் சுளிப்பார்கள், கேளுங்கள். பில்லில் எடை இல்லாவிட்டால் பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே கடையில் கட்டி வைத்த பொட்டலம்தான் கிடைக்கும் என்றால், அதே தராசில் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். அங்கேயே உண்மை தெரிந்துவிடும்.

அத்தையிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கு, எண்ணெய் எடுத்துக் குடு" என்றார். கல் சூடாகிக்கொண்டிருந்தது. அன்றைக்குச் சனிக்கிழமை.

தராசு எங்கள் திண்ணையில்தான் இருக்கிறது. தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டலத்தோடு வரலாம். எதிர்வீட்டு அக்கா நேற்று சர்க்கரையைக் கொண்டுவந்தார்: 955.