தூத்துக்குடி மீன் மெஸ்: காரலுக்காகப் போங்கள், சுறாப்புட்டு வேண்டாம்

மதியச் சாப்பாட்டுக்கு இந்த மெஸ்ஸைத் தாராளமாகச் சொல்லலாம். தேங்காய் அரைத்துவிட்ட காரல் மீன் குழம்பு அவ்வளவு ருசி. நெத்திலிப் பொரியலில் பழைய எண்ணெய் வாடையே கிடையாது. இலை போட்டு, கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறார்கள்.

என் மனக்குறையெல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்தான்: 'பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் சுறாப்புட்டு, பார்சல் உண்டு.' பால் சுறா என்பது ஒரு சின்னச் சுறா இனம்; தாய்ப்பால் ஊறும் என்று நம்பிக் கொடுப்பார்கள்.

புட்டின் பக்குவத்தில் குறையில்லை. மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரித்து, நடுக்குருத்தை எடுத்து, உதிர்த்து, பூண்டும் சின்ன வெங்காயமும் அள்ளிப்போட்டு வதக்குகிறார்கள். ஆனால் கைகழுவப் போன இடத்தில் ஐஸ் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சுத்தியல் மாதிரித் தலையுள்ள கொம்பன் சுறாக் குட்டிகள். அடிப்பக்கம், மார்புத் துடுப்புகளுக்கு நடுவில் தொப்புள்கொடித் தழும்புகூட இன்னும் மூடவில்லை.

"அண்ணாச்சி, இது கொம்பன்லா?"

"சின்னதா இருந்தா எல்லாம் பால் சுறாதான்க்கா."

கொம்பனில் பெரிய இனங்கள் இரண்டை 2019-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவின் விளிம்பில் இருப்பவையாக அறிவித்துவிட்டது. நிஜப் பால் சுறாவும் அபாயப் பட்டியலில்தான் இருக்கிறது.

அடுத்தது பாதரசம். நிலக்கரிப் புகையிலும் தங்கம் பிரிக்கும் இடங்களிலும் கிளம்புவது கடலில் இறங்கி, நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, சின்ன மீனிலிருந்து பெரிய மீனுக்கு ஏறி, கடைசியில் சுறாவின் உடம்பில் தங்கிவிடுகிறது. தசையிலேயே ஒட்டிக்கொள்வதால் எத்தனை தண்ணீர் மாற்றி அவித்தாலும் போகாது. மெதுவாக வளர்ந்து, கொஞ்சமாகக் குட்டி போடும் உயிர், நரம்பைத் தாக்கும் நஞ்சையும் சேர்த்துச் சுமக்கிறது. வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கும் அதில் பங்கு போகிறது. பெரிய சுறாவைவிடக் குட்டியில் குறைவு, உண்மை. ஆனாலும் கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறாவையே தவிர்க்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். இங்கே பாலூட்டும் பெண்களுக்கென்றே தாள் ஒட்டி விற்கிறார்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குக் காரல் கொடுப்பதும் நம் பக்கத்து வழக்கம்தானே? சின்ன மீன், ஆயுசு குறைவு, பாதரசம் அதிகம் சேர வழியில்லை. "அதை எழுதி ஒட்டுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளை பெற்று வீட்டிலிருக்கும் என் மகளுக்கும் காரல் குழம்புதான் பார்சல் வாங்கினேன்.

ஒரு மணிக்கு மேல் போனால் காரல் தீர்ந்துவிடும், முன்னாலேயே போய்விடுங்கள். போகிறவர்கள் அந்தத் தாளைப் பற்றி அண்ணாச்சியிடம் நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.