எகிப்தில் 10 நாட்கள்: ஒரு மாணவர் பயண ஏற்பாட்டின் மதிப்புரை

மாணவர்களுக்கென நடத்தப்படும் இந்தப் பயணத்தில் நான் சேர்ந்தது பிரமிடுகளுக்காக. ஆனால் மனத்தில் ஆழப் பதிந்தது கெய்ரோவின் முகத்தம் மலையடிவாரத்தில் உள்ள ஸபாலீன் குடியிருப்பு. நகரின் குப்பையை வீடு வீடாகச் சேகரித்து, பிளாஸ்டிக், காகிதம், உலோகம் எனக் கையாலேயே பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் அம்மக்களிடையே, துணித்துண்டுகளைக் கொண்டு விரிப்பு நெய்யும் பெண்களோடு அரைநாள் அமர்ந்திருக்க வாய்ப்பளித்ததற்காகவே இந்த ஏற்பாட்டைப் பாராட்டுவேன். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்கக் கூடாது என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிட்டது மிகச் சரியான செயல்.

பிரமிடுகள் உள்ள கிஸாவில் வழக்கமான சுற்றுதான். லக்சரில், கர்னாக் கோயிலின் 134 தூண் மண்டபத்துக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் கிடைத்தது; 1940களில் எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி மண்கற்களால் எழுப்பிய புதிய குர்னா கிராமத்தையும் காட்டினார்கள்.

குறை அபு சிம்பெலில்தான். அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்காதிருக்க 1960களில் துண்டு துண்டாக அறுத்து, பழைய இடத்தைவிட ஏறத்தாழ 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் பொருத்தப்பட்ட அக்கோயில்களைக் காண, விடியுமுன் புறப்பட்டுப் பாலைவனச் சாலையில் மூன்றரை மணி நேரம் சென்ற எங்களுக்கு அங்கே கிடைத்தது 40 நிமிடங்கள் மட்டுமே. அரசி நெஃபெர்தாரியின் கோயிலை ஓட்டமும் நடையுமாகத்தான் பார்த்தோம். சேர விரும்புவோர், பணம் கட்டுவதற்கு முன்பே அபு சிம்பெலுக்கான நேரத்தைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.