குண்டுக்கரிச்சானா, தேவாங்கா: கணக்கெடுக்க எது எளிது?

கறுப்பு வெள்ளைப் பாடும் பறவையான குண்டுக்கரிச்சான், வாலில்லாத சிறு இரவு விலங்கான தேவாங்கு, இரண்டுக்கும் பூச்சிதான் முக்கிய இரை. திண்டுக்கல், கரூர் பக்கத்து வறண்ட குன்றுக் காடுகளில் ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் தேடலாம். எண்ணும் முறையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

குண்டுக்கரிச்சானுக்குக் காது போதும். மார்ச் முதல் ஜூலை வரை விடியற்காலையில் ஆண் பறவை மரத்து உச்சியில் உட்கார்ந்து நெடுநேரம் பாடும். ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்று, குரல் வந்த திசைகளைக் குறித்துக்கொண்டால் வேலை முடிந்தது. ஒரே ஆண் கிளை மாறிப் பாடினால் இரண்டாகிவிடும். அதனால் ஒரே நேரத்தில் கேட்ட குரல்களை மட்டும் தனித்தனிப் பறவைகளாக எண்ணுங்கள். பருவம் முடிந்தால் பாட்டு குறையும். அப்போது எடுக்கும் கணக்கு குறைவாகத்தான் வரும். சாம்பல் நிறப் பெட்டைகள் எப்போதுமே விட்டுப்போகும்.

தேவாங்கு அப்படி வசப்படாது. அதுவும் சீழ்க்கை போலக் கத்தும், ஆனால் குரலை மட்டும் நம்பி எண்ண முடியாது. கண்ணொளிதான் வழி. தலைவிளக்கில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் நடக்க வேண்டும். விளக்கைக் கையில் தாழ்த்திப் பிடிப்பதுதான் பலர் செய்யும் தப்பு. தேவாங்கின் விழித்திரைக்குப் பின்னாலுள்ள படலம், வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்பும். விளக்கு நம் கண்மட்டத்தில் இல்லாவிட்டால் அது நமக்குத் தெரியாது. முகத்தின் முன்பக்கம் நெருங்கி அமைந்த இரண்டு புள்ளிகள், கிளையோடு மெல்ல நகர்ந்தால் தேவாங்காக இருக்கலாம். பக்கிக்குருவி என்ற இரவுப் பறவையின் கண்களும் மரநாய்க் கண்களும் மின்னும் என்பதால் தொலைநோக்கியில் வாலில்லாத உடலைப் பார்த்த பிறகே எழுதுங்கள். இரவில் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம்.

ஆக, எளிது கரிச்சான்தான். ஆனால் காட்டின் நிலையைச் சொல்வதில் தேவாங்குக்கே என் ஓட்டு. கரிச்சான் சுவர்ப் பொந்தில்கூட நான்கைந்து முட்டை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். தேவாங்கு தாவாது, கிளைக்குக் கிளை பிடித்தே போகும். நடுவில் சாலை வந்து கிளைகள் விலகினால் தரையில் இறங்கி அடிபடுகிறது, இல்லையேல் மின்கம்பியைப் பிடிக்கிறது. 2022-இல் கடவூரில் 11,806 ஹெக்டேரில் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தார்கள்; இந்தக் கிளைத் தொடர்ச்சியும் காக்கப்பட வேண்டும்.

கணக்கெடுக்கும்போது தனியாகக் கிளையைப் பற்றியிருக்கும் குட்டியைக் கண்டால் எடுத்துவிடாதீர்கள். தாய் அதை அங்கே விட்டுவிட்டு இரை தேடப் போயிருக்கும்.