வின்எஸ்சிபி: மண்டிக் கணக்கின் மேப்பிங் கோப்பை நம்பி ஏற்றலாமா?

கும்பகோணம், மன்னார்குடி பக்கத்து நெல் மண்டிகளில் கொள்முதல் கணக்கு கடைக் கணினியில் எக்செலில் கிடக்கும். அதை வாங்கும் சர்வர் எங்கோ வெளியூரில். 'நெல் ரகம்' பத்தி சர்வரில் எந்தப் புலத்தில் விழ வேண்டும், 'சிப்பம்' என்றால் 40 கிலோவால் பெருக்குவதா என்று சொல்வது மேப்பிங் கோப்பு. எக்ஸ்எம்எல், ஜேசன் என்ற எழுத்து வடிவங்களில் ஏதோ ஒன்றில் இருக்கும், 10 கேபி இருந்தாலே பெரிது. குறுவைக்கு ஆடுதுறை 43, சம்பாவுக்கு சிஆர் 1009 என்று ரகம் மாறும்போது இதையும் திருத்தி ஏற்ற வேண்டும்.

இப்படிக் கோப்பை சர்வருக்கு ஏற்றி இறக்க, விண்டோஸில் வின்எஸ்சிபி என்ற கோப்பு அனுப்பும் மென்பொருள் தாராளமாகப் போதும். காசில்லை (மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் வாங்கினால் மட்டும் உண்டு). இடப்பக்கம் நம் கணினி, வலப்பக்கம் சர்வர், எஃப்5 தட்டினால் கோப்பு போய்விடும். முதல் இணைப்பில் காட்டும் ஹோஸ்ட் கீயை (சர்வரின் அடையாளக் குறி) மட்டும் சர்வர்காரரிடம் கேட்டு ஒப்பிட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆனால் நிறுவியபடியே விட்டால் மேப்பிங் வேலைக்கு ஆபத்து. எஸ்எஃப்டிபி என்ற பாதுகாப்பான அனுப்பு முறையில் தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்தபின் பெயர் மாற்றும் நல்ல வசதி இதில் உண்டு; 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புக்குத்தான் அது இயங்கும். நம்முடையதோ பொடிக்கோப்பு. பாதியில் கரண்ட் போனால் பழையதன் மேலேயே அரைகுறையாக எழுதப்பட்டு நிற்கும், அடுத்த இறக்குமதி இடறும். விருப்பங்களில் டிரான்ஸ்ஃபர், அதற்குள் என்டியூரன்ஸ் போய், எல்லாக் கோப்புக்கும் என்று மாற்றுங்கள். சர்வர் கோப்புறையில் புதுக்கோப்பு உருவாக்கும் உரிமை வேண்டும். கோப்பின் உரிமையாளர் மாறிவிடலாம், அதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் எஸ் தட்டினால் வரும் சிங்க்ரனைஸில் (இரு கோப்புறைகளையும் ஒன்றுபோல் ஆக்கும் வசதி) 'இருபக்கமும்' வேண்டவே வேண்டாம். இது தேதியைத்தான் பார்க்கும், உள்ளே இருப்பதை அல்ல. கடையில் ஒருவர் ரகம் சேர்த்து, சர்வரில் இன்னொருவர் எடையைத் திருத்தியிருந்தால், பிந்தியது முந்தியதை விழுங்கிவிடும். திருத்தம் கடைக் கணினியில் மட்டும், திசை 'ரிமோட்' (சர்வர் பக்கம்) மட்டும், முன்னோட்டம் பார்த்தபின் சரி. 'கோப்புகளை நீக்கு' பெட்டியில் டிக் போடாதீர்கள். கன்ட்ரோல் யு தரும் தானியங்கி ஏற்றமும் நமக்கு ஆகாது: ஒரு அடைப்புக்குறியை மூடாமல் சேமித்தாலும் அந்த நொடியே சர்வருக்குப் போய்விடும்.

மிச்சத் தொல்லை தமிழ்த் தலைப்பால் வருவது. மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. கொள்முதல் கணக்கை எக்செலில் சாதா சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பத்தி பிரித்த எழுத்துக்கோப்பு) சேமித்தால் 'நெல் ரகம்' வெறும் கேள்விக்குறிகளாகும். யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமித்தால் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் (பிஓஎம்) ஒட்டிக்கொள்ளும். அதைக் கழிக்கத் தெரியாத சர்வர் நிரல், முதல் பத்தியை மட்டும் 'காணவில்லை' என்று அடம்பிடிக்கும். நோட்பேடில் திறந்து, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 ஆகச் சேமித்து ஏற்றுங்கள். கடைசிப் பத்தி மட்டும் பொருந்தாவிட்டால் விண்டோஸின் வரிமுடிவுக் குறிதான் காரணமாக இருக்கும். அந்தக் கோப்பை, வரிமுடிவை சர்வருக்கு ஏற்ப மாற்றும் டெக்ஸ்ட் மோடில் அனுப்பினால் சரியாகிவிடும்.